4 மில்லிமீட்டர் தட்டுவடை: வீடியோ பார்த்து மினியேச்சர் செய்யக் கற்பவர்களுக்கு

சாயங்காலம் ஆனால் சேலத்தில் தெருவுக்குத் தெரு தட்டுவடை செட் கடை முளைத்துவிடும். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் காய்த் துருவலும் வைத்தால் ஒரு செட். அந்தக் கடையின் மேஜை, மேலே ஒரு தட்டு, தட்டில் நான்கு செட். இவ்வளவையும் உள்ளங்கைக்குள் அடங்கும்படி இந்தப் பதிவில் செய்யப் போகிறோம். பொம்மை வீட்டு வீடியோக்களை நாள் கணக்கில் பார்த்துவிட்டு, எங்கே கை வைப்பது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் முழுக்க யூடியூபில்தான் கற்றேன்.

வீடியோக்களில் பெரும்பாலும் கேக், சோபா, புத்தக அலமாரி என்றுதான் வரும். முதல் பொருளாக அதைச் செய்யாதீர்கள் என்பேன். நாம் கையில் எடுத்துக் கடித்த பொருளைச் செய்தால், எங்கே தப்பு என்று யாரும் சொல்லாமலே நம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் அளவு

நம் வீட்டுக் கொலுவில் செட்டியார் பொம்மை கோயில் கோபுரத்தைவிட உயரமாக உட்கார்ந்திருப்பார். யாரும் கேள்வி கேட்பதில்லை, அது கொலுவின் அழகு. பொம்மை வீட்டில் அப்படி விட முடியாது. எல்லாப் பொருளும் ஒரே கணக்கில் சிறுத்திருக்க வேண்டும். அதிகம் புழங்குவது 1:12 அளவு, அதாவது நிஜத்தில் ஓர் அடி இங்கே ஓர் அங்குலம். இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் இருக்கும் ராணி மேரியின் பொம்மை வீடும் இதே அளவுதான். புதுடெல்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்தது, 1924இல் முடிந்தது. அதில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், மின்விளக்கு எரியும்.

நமக்கு மில்லிமீட்டர்தான் வசதி. பொருளை ஸ்கேல் வைத்து அளந்து 12ஆல் வகுங்கள், அவ்வளவுதான். நான் வாங்கி அளந்த தட்டுவடை 48 மில்லிமீட்டர் அகலம், ஆக நம் தட்டுவடை 4 மில்லிமீட்டர். தட்டு 15 சென்டிமீட்டர் என்றால் இங்கே பன்னிரண்டரை மில்லிமீட்டர். அமெரிக்க வீடியோக்களில் அங்குலத்திலேயே பேசுவார்கள், ஓர் அங்குலத்துக்கு 25.4 மில்லிமீட்டர் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோவை எப்படிப் பார்ப்பது

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் தடுமாறியதெல்லாம் இங்கேதான்.

ஒரு வீடியோவை மூன்று முறை பாருங்கள். முதல் முறை சும்மா பாருங்கள், கையில் எதுவும் வேண்டாம். இரண்டாம் முறை நோட்டுடன் உட்கார்ந்து பொருள்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக நம் ஊரில் கிடைப்பது எது என்று குறியுங்கள். அவர்கள் பாஸ்வுட் என்ற மென்மரப் பலகையைச் சொன்னால் நமக்கு ஐஸ் குச்சி. பாலிமர் களிமண் என்றால் அதைச் சுட்டு இறுக்க ஓவன் அடுப்பு வேண்டும், அதனால் இப்போதைக்கு வேண்டாம், கார்ன்ஃப்ளாரில் நாமே களிமண் கிண்டிக்கொள்வோம். அமெரிக்கர்கள் கார்ன்ஸ்டார்ச் என்பது நம் மளிகைக் கடையில் கார்ன்ஃப்ளார் என்று விற்கும் வெள்ளை மாவு. மஞ்சள் மக்காச்சோள மாவை வாங்கிவிடாதீர்கள், களிமண் சேராது.

மூன்றாம் முறை நிறுத்தி நிறுத்திச் செய்யுங்கள். வேகத்தை 0.5க்குக் குறைக்கலாம். கணினியில் நிறுத்திய பிறகு காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தினால் படம் படமாக நகரும், விரல் எந்தக் கோணத்தில் பிளேடைப் பிடித்திருக்கிறது என்பதுகூடத் தெரியும். பேசாமல் கைகளை மட்டும் காட்டும் வீடியோக்கள் அழகானவை, ஆனால் தொடக்கத்தில் பென்ட்லி ஹவுஸ் மினிஸ் போலப் பேசி விளக்கும் சேனல்கள்தான் உதவும்.

எதைவிடவும் முக்கியமானது, காட்டாமல் வெட்டிய நேரம். களிமண்ணை உருட்டுவார்கள், காட்சி மாறும், வண்ணம் அடிப்பார்கள். அந்த இரண்டு காட்சிக்கும் நடுவில் ஒரு ராத்திரி முழுக்கப் போயிருக்கும். காட்சி மாறும் இடத்தில் எல்லாம் நோட்டில் ஒரு கோடு போட்டு, ‘காய்ந்ததா?’ என்று எழுதுங்கள். கோடு வந்த இடத்தில் அன்றைய வேலையை நிறுத்திவிடலாம். என் முதல் பத்து உருப்படிகளில் விரிசல், கைரேகை, வண்ணம் ஊறிப் பரவியது எல்லாமே இந்தக் கோடு போடாததால் வந்தவை.

களிமண் கிண்டுவது

கார்ன்ஃப்ளார் அரை கப், ஃபெவிகால் அரை கப், பேபி ஆயில் ஒரு ஸ்பூன், வினிகர் ஒரு ஸ்பூன். கட்டி இல்லாமல் கலந்து, சமையலுக்கு இனி எடுக்காத பழைய நான்ஸ்டிக் சட்டியில், மிகச் சிறு தீயில் கிண்டுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். அல்வா போலச் சட்டியை விட்டு ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் சப்பாத்தி மாவு போலப் பிசையுங்கள். ஆறியதும் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் சுற்றி டப்பாவில் போடுங்கள்.

வினிகரை விடாதீர்கள். ஒரு முறை அது இல்லாமலே கிண்டி, அந்த டப்பாவோடு ஏற்காட்டுக்கு அத்தை வீட்டுக்குப் போனேன். ஐப்பசி மாதம், ஜன்னல் வழியாக மேகமே உள்ளே வந்தது. நான்காம் நாள் திறந்தால் களிமண் முழுக்கச் சாம்பல் பூஞ்சை. அத்தை எட்டிப் பார்த்து, “புளிப்பு இல்லாம ஊறுகாயே நிக்காது கண்ணு, இது மாவு” என்றார்கள். வினிகர் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு போதும். அதே களிமண் சேலத்து ஏப்ரல் வெயிலில் வேறு பாடு படுத்தும், வெளியில் வைத்தால் வேகமாகக் காய்ந்து வெடிக்கும். நிழலில், ஃபேன் காற்று நேராகப் படாத இடத்தில் காயட்டும்.

தட்டுவடை

நிஜத் தட்டுவடை ஒன்றை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். பாருங்கள், அது தட்டையான வட்டம் இல்லை. ஓரம் சிவந்து நடு வெளுத்திருக்கும். மேலே குட்டிக் குட்டிக் கொப்புளம். ஒரு பக்கமாக ஒதுங்கிய கடலைப்பருப்பு, கறுத்துப்போன கறிவேப்பிலைத் துணுக்கு. இந்த நான்கும் வந்தால் போதும், பார்ப்பவர் தட்டுவடை என்று சொல்லிவிடுவார்.

சிறு கோலிக்குண்டு அளவு களிமண்ணில் துளி வெள்ளை, துளி மஞ்சள் காவி வண்ணம் சேர்த்துப் பிசையுங்கள். வெள்ளை கட்டாயம், இல்லையென்றால் காய்ந்ததும் மெழுகு மாதிரி ஊடுருவித் தெரியும். அரை மில்லிமீட்டருக்குத் தேய்த்து, ஜூஸ் பாக்கெட்டோடு வரும் குட்டி ஸ்ட்ராவால் அழுத்தி வட்டம் வட்டமாக வெட்டுங்கள். வட்டம் ஸ்ட்ராவுக்குள் மாட்டிக்கொண்டால் மறுமுனையில் ஊதினால் வந்துவிடும். ஒரு செட்டுக்கு இரண்டு, ஆக எட்டு வேண்டும், பதினைந்து வெட்டி வையுங்கள். ஈரமாக இருக்கும்போதே பழைய டூத் பிரஷ்ஷால் மேலே தட்டித் தட்டி எடுங்கள், கொப்புளம் வந்துவிடும். ஓரத்தை ஊசியால் இரண்டு இடத்தில் லேசாக நெளியுங்கள். பருப்புக்கு ரவையில் ஒன்று போதும்.

ஒரு ராத்திரி காயட்டும். மறுநாள் பழுப்பு நிற சாக் பாஸ்டலை பிளேடால் சுரண்டி, அந்தத் தூளை மெல்லிய பிரஷ்ஷால் ஓரத்தில் மட்டும் தடவுங்கள். வண்ணத்தை நீரில் கரைத்து அடித்தால் பெயின்ட் அடித்த வட்டமாகத் தெரியும், தூளில்தான் எண்ணெயில் பொரிந்த நிறம் கிடைக்கும். கறிவேப்பிலைக்குக் கரும்பச்சையில் ஊசி முனைப் புள்ளி.

துருவலுக்கு பீட்ரூட் நிறத்திலும் கேரட் நிறத்திலும் களிமண்ணை நூலாக உருட்டிக் காயவைத்து, பிளேடால் பொடிப்பொடியாக நறுக்குங்கள். சட்னிக்கு ஃபெவிகாலில் வண்ணம் கலந்தால் சரி, பச்சையும் சிவப்பும். கீழ்த் தட்டுவடையில் சட்னி ஒரு சொட்டு, மேலே துருவல், அதன் மேல் இன்னொரு தட்டுவடையைச் சற்றுச் சாய்வாக வையுங்கள். நேராக அடுக்கினால் உயிர் இருக்காது.

மேஜை

பத்து ஐஸ் குச்சி. 2 மில்லிமீட்டர் கனமுள்ள குச்சி இந்த அளவில் ஏறக்குறைய ஓர் அங்குலப் பலகைக்குச் சமம், நமக்காகவே செய்தது போல இருக்கும்.

ஒட்டுவதற்கு முன்னால் நிறம் ஏற்ற வேண்டும். பசை பட்ட இடத்தில் நிறம் பிடிக்காது, வெள்ளைத் திட்டாக நிற்கும். ஏற்காட்டுக் காப்பித்தூளில் திக்காக டிகாஷன் இறக்கி இரண்டு முறை தடவுங்கள். காய்ந்த பின் குச்சி வளையாமலிருக்கத் தடிப் புத்தகத்தின் கீழ் வையுங்கள்.

நான்கு குச்சிகளின் வளைந்த முனைகளை நீக்கி 76 மில்லிமீட்டருக்கு வெட்டி ஒட்டினால் மேல்பலகை. அடியில் இரு முனைகளிலிருந்தும் 8 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, 38 மில்லிமீட்டரில் குறுக்குச் சட்டம் இரண்டு. காலுக்குக் குச்சியை நெடுக்காகப் பிளந்து, இரண்டிரண்டாக ஒட்டி, 61 மில்லிமீட்டரில் நான்கு. சட்டத்தின் வெளிப்புறத்தோடு ஒட்டி மூலைகளில் நேராக நிறுத்துங்கள். குச்சியை ஒரே அழுத்தில் வெட்டாமல், கட்டரால் ஐந்தாறு முறை லேசாகக் கீறி உடையுங்கள். பிளேடு எப்போதும் விரலுக்கு எதிர்ப்பக்கமாகவே போகட்டும்.

தட்டுக்குத் தயிர் டப்பாவின் அலுமினிய மூடியில் பன்னிரண்டரை மில்லிமீட்டர் வட்டம் வெட்டி, பேனா மூடியின் முனையில் வைத்து விளிம்பை அழுத்தினால் குழி விழும்.

நான்கு செட்டையும் தட்டில் ஒட்டி மேஜையில் வைத்தாயிற்றா? ஜன்னல் ஓரத்துக்குக் கொண்டுபோய், போனை மேஜைக்கு மேலே ஒரு கட்டைவிரல் உயரத்தில் பிடியுங்கள். கடை முன்னால் நின்று “ஒரு செட் குடுங்கண்ணா” என்று கேட்பவரின் கண் அங்கேதான் இருக்கும்.