தகரத்து மழையும் தூங்காத மகளும்

மே மாதம் தென்மேற்கு மழை தொடங்கியதும் எங்கள் 3 வயது மகள் இரவில் தூங்க மறுத்தாள். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் லயன் வீடு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு), தகரக் கூரை. பசியோ என்று மறுபடி சோறூட்டினோம். குளிரோ என்று கம்பளி போர்த்தினோம். அம்மா திருநீறு பூசினார். போனில் தாலாட்டு போட்டால், கண் சொக்கும் நேரத்தில் விளம்பரம் அலறும். 9 நாள் போனது.

10ஆம் இரவு கரண்ட் இல்லை. மார்பில் சாய்த்துக்கொண்டு ஆச்சியின் ‘ஆராரோ’வை முனகினேன். மழையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனாலும் அடங்கினாள். காது என் நெஞ்சில் ஒட்டியிருந்தது, அந்த அதிர்வே போதும் போல. சத்தமாகப் பாடினால் விழிக்கிறாள், அடித்தொண்டையில் இழுத்தால் உறங்குகிறாள். முதுகில் தட்டுவதை மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் கண் திறந்துவிடும்.

பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவிலும் இப்போது அழுகை குறைவு என்கிறார் ஆயா. எனக்குச் சுதிதான் இன்னும் சேரவில்லை.