வெற்று முற்றத்தில் பல்லாண்டுச் செடிகள்

காலி முற்றத்தைத் தோட்டமாக்க, உடனே செடி வாங்க ஓடாதீர்கள். மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது, வெயில் எங்கே நீண்ட நேரம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுப் பாத்தியைக் குறியுங்கள். மண்ணைக் கொத்திக் கிளற வேண்டாம். கிளறினால், புதைந்து கிடக்கும் களை விதைகள் மேலே வந்து முளைக்கும். டேப்பை உரித்த அட்டைப்பெட்டிகளை ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, நன்றாக நனைத்து, மேலே 10 செ.மீ. உயரத்துக்கு மக்கிய உரம் போடுங்கள். சில மாதங்களில் அடியிலுள்ள புல் செத்துவிடும். கோரை மாதிரிக் கிழங்குக் களை என்றால் மட்டும் இது போதாது, தோண்டித்தான் எடுக்கணும். அப்புறம் பல்லாண்டுச் செடிகளை வகைக்கு மூன்று, ஐந்தாகச் சேர்த்து நடுங்கள்; சிதறி நட்டால் எடுபடாது. முதல் வருடம் இடைவெளி பெரிதாகத்தான் தெரியும். அப்போது வளர்வது பெரும்பாலும் வேர்தான். பாதைக்குப் பழைய செங்கல் போதும்.