ஓவுக்குப் பதில் பூஜ்ஜியம் போட்டால் பூட்டாகிவிடாது

தமிழ் எண்களில் எட்டுக்கு ‘அ’, காலுக்கு ‘வ’. ஒருவரை ‘எட்டேகால் லட்சணமே’ என்று அழைத்தால் அது பாராட்டு அன்று. 1980களில் அமெரிக்காவில் தொலைபேசி வழியே இணைந்த கணினி அறிவிப்புப் பலகைகளில் இதே விளையாட்டு தலைகீழாக நடந்தது. ஆங்கில ‘இ’ 3 ஆனது, ‘ஏ’ 4 அல்லது @ ஆனது, ‘ஓ’ 0 ஆனது. மேல்தட்டு என்ற பொருளில் வழங்கிய ‘எலீட்’, ‘லீட்’ ஆகத் தேய்ந்து 1337 என்று எழுதப்பட்டது. தடை செய்த சொற்களை வடிகட்டியின் கண்ணில் படாமல் எழுதவும் இது உதவியது.

விளையாட்டாக இருக்கும்வரை கேடில்லை. அதைப் பாதுகாப்பு என்று நம்புவதுதான் பெரிய தவறு. கடலூரில் கணினிப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் கடவுச்சொல் எப்படி அமைப்பீர்கள் என்று கேட்டால், ஊர்ப்பெயரில் ‘ஏ’யை @ ஆக்கி, ‘ஓ’வை 0 ஆக்கி, கடைசியில் 607001 சேர்ப்போம் என்கிறார்கள். மனிதக் கண்ணுக்கு இது புதிர். ஹாஷ்கேட், ஜான் தி ரிப்பர் போன்ற கடவுச்சொல் உடைக்கும் மென்பொருள்களுக்கோ அன்றாட வேலை. அகராதிச் சொல் ஒவ்வொன்றையும் எடுத்து இந்த மாற்றங்களைச் செய்து பார்க்கும் விதிகள் அவற்றில் உண்டு. அஞ்சல் குறியீடு ஊருக்கே தெரிந்தது.

எண்ணும் குறியும் கட்டாயம் என்ற வழக்கத்துக்கு வித்திட்டது அமெரிக்கத் தர நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் வெளியிட்ட வழிகாட்டி. அதை எழுதிய பில் பர் 2017இல் அதற்காக வருந்தினார். அதே ஆண்டு அந்நிறுவனமும் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டு, நீளத்துக்கு முதலிடம் தந்தது. தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து, கணக்குக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். சில்வர் பீச், முந்திரி, கெடிலம் என்று கோப்பது தொடர்பில்லாதது ஆகாது. கடலூர்க்காரர் எவரும் அதைத்தான் முதலில் நினைப்பார்.

இரண்டாவது தவறு, இதே தந்திரம் நம்மீது ஏவப்படும்போது கவனிக்காமல் இருப்பது. குறுஞ்செய்தியில் வரும் வங்கி முகவரியில் ‘எல்’ இருக்க வேண்டிய இடத்தில் 1 இருக்கும். ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டி ‘எம்’ போலத் தெரியும். வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி சொன்னது. முகவரி அப்படி முடிகிறதா என்று பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930ஐ அழையுங்கள்.

புதுச்சேரிச் சாலைகளில் 8055 என்ற வண்டி எண்ணை ‘பாஸ்’ என்று படிக்கும்படி வளைத்து எழுதும் ஆசை சிலருக்கு உண்டு. அந்த எண் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம், வளைப்பது விதிமீறல். எழுத்தின் உயரம், பருமன், இடைவெளி எல்லாவற்றையும் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் வரையறுத்திருக்கின்றன.

வேலைக்கு விண்ணப்பிக்கும் மின்னஞ்சல் முகவரியிலும் இந்த அலங்காரம் வேண்டாம். நேர்காணலுக்கு அழைப்பவர் தொலைபேசியில் ‘ஓவா, பூஜ்ஜியமா?’ என்று இரண்டு முறை கேட்பார். மூன்றாவது முறை அடுத்த விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வார்.