வண்டி இருந்தது, தண்ணீர் இருந்ததா? வட ஆற்காட்டுச் சிறுநகரங்களின் பழைய தீயணைப்பை மதிப்பிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, வாலாஜாபேட்டை போன்ற ஊர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பள்ளி, மருத்துவமனை, குடிநீர் என்று விரிவாக எழுதிவிட்டு, தீயணைப்புக்கு வரும்போது ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: இந்த ஆண்டில் நகருக்குத் தீயணைப்பு வண்டி வந்தது. அத்தோடு ஊர் பாதுகாப்பாகிவிட்டதாக வாசகரும் நினைத்துக்கொள்கிறார். வண்டி வந்த ஆண்டு வேறு. அதன் தண்ணீர் எரியும் கூரையை எட்டிய ஆண்டு வேறு. பழைய கோப்புகளைப் படிக்கும்போது இந்த இரண்டாவது கேள்வியைத்தான் விடாமல் கேட்க வேண்டும்.

இதில் முதன்மையான தவறு, பம்பைப் பார்த்துவிட்டுத் தண்ணீரைப் பார்க்காமல் விடுவது. பம்ப் தண்ணீரைக் கயிறு கட்டி இழுப்பதில்லை. நீரை உறிஞ்சும் சக்ஷன் குழாய்க்குள் இருக்கும் காற்றை அது வெளியேற்றுகிறது. வெளியே உள்ள காற்றழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தம் கடல் மட்டத்தில்கூடத் தண்ணீரைச் சுமார் 10.3 மீட்டர் வரைதான் ஏற்றும். வாஷரிலும் இணைப்புகளிலும் உள்ள கசிவு, குழாயின் உராய்வு எல்லாம் போக, நடைமுறையில் கிடைப்பது ஏறக்குறைய 7 மீட்டர். நீர்மட்டம் 25 அடிக்குக் கீழே போய்விட்டால், எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் கரையில் நிற்கும் பம்பால் பயனில்லை. வட ஆற்காட்டுக் கிணறுகளில் கோடையில் தண்ணீர் அதற்கும் கீழே போவது எவருக்கும் புதிதல்ல. கவலை (மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் அமைப்பு) பூட்டிய மாடுகள் மேலே கொண்டுவந்துவிடும் தண்ணீரை இஞ்சின் வைத்த பம்பால் தொட முடியாது. ஆகவே ஓர் ஆய்வுக் குறிப்பில் ‘நகரில் இத்தனை பொதுக்கிணறுகள் உள்ளன’ என்று இருந்தால், அதைத் தண்ணீர் இருப்புக் கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிணற்றின் ஆழம் எவ்வளவு, எந்த மாதத்து நீர்மட்டம் என்று தேடுங்கள்.

மாதம் மிக முக்கியம். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரியை மார்கழியில் பார்த்துவிட்டு ‘தண்ணீர் வசதி திருப்தி’ என்று எழுதிய குறிப்பு, சித்திரை வெயிலில் ஓலைக் கூரைகள் சருகாகக் காய்ந்து கிடக்கும் நாளுக்குப் பொருந்தாது. பாலாற்றின் கதையும் இதுதான். மணலுக்கு அடியில் நீரோட்டம் இருந்தது; ஊற்றுத் தோண்டினால் குடம் நிரம்பும். ஆனால் நிமிடத்துக்கு 100 காலன் உறிஞ்சும் பம்புக்கு அந்த ஊற்று ஈடு கொடுக்காது. பம்பின் சக்கரங்கள் மணலில் புதையாமல் நீர் வரை போவதற்கு வழி இருந்ததா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. வண்டிக்குப் பின்னால் கோத்து இழுத்துச் செல்லும் டிரெய்லர் பம்பின் சிறப்பே, அதை வண்டியிலிருந்து கழற்றி ஆட்கள் தள்ளிக்கொண்டு நீரருகே இறக்கலாம் என்பதுதான். இறக்குவதற்குச் சரிவு இல்லையென்றால் அந்தச் சிறப்பு வீண்.

வேலூரைப் பற்றி எழுதும்போது ஒரு தனிக் கவனம் தேவை. கோட்டை அகழி இருந்ததால் தண்ணீருக்குக் குறைவில்லை என்று எழுதத் தோன்றும். அகழிக்கரையிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி கீழே இருந்தது? பாசியும் செடியும் சக்ஷன் முனையின் சல்லடையை அடைக்காமலிருக்க மூங்கில் கூடை போன்ற காப்பு ஏதேனும் வைத்திருந்தார்களா? எரிந்த தெருவுக்கும் அகழிக்கும் இடையே எவ்வளவு தூரம்? அரை மைல் என்றால் 2640 அடி. தண்ணீரைத் தீ வரை கொண்டுசெல்லும் வளையும் குழாயான ஹோஸின் ஒரு சுருள் 100 அடி என்றால் 27 சுருள். 75 அடி என்றால் 36 சுருள். நிலையத்தின் இருப்புப் பதிவேட்டில் அத்தனை சுருள் இருந்ததா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மீதி விடை உராய்வில் இருக்கிறது: நீளம் இரட்டித்தால் அழுத்த இழப்பும் இரட்டிக்கும், அதே குழாயில் தண்ணீரின் அளவை இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்காகும்.

ஹோஸ் சுருள்களின் எண்ணிக்கையை அப்படியே நம்புவதும் தவறு. கித்தான் ஹோஸ் ஈரத்தோடு சுருட்டப்பட்டால் பூஞ்சை பிடித்து இற்றுப்போகும். வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். அழுத்தம் ஏறும்போது கிழியும். அதனால்தான் பழைய நிலையங்களில் ஹோஸைத் தொங்கவிட்டுக் காயவைக்க உயரமான கோபுரம் கட்டினார்கள். கோபுரமோ உயரமான கம்பமோ இல்லாத நிலையத்தின் ஹோஸ் எப்படிக் காய்ந்தது என்பதை, அங்கு வேலை பார்த்த பெரியவர்கள் யாரேனும் இருந்தால் கேட்டு எழுதுங்கள். எந்த அறிக்கையும் சொல்லாத செய்தி அது. இதைவிடப் பழைய கைப்பம்புகளில் தோல் வாஷர்கள் இருந்தன. எண்ணெய் பூசாமல் மாதக்கணக்கில் விட்டால் அவை காய்ந்து சுருங்கி, பம்ப் காற்றை விட்டுவிடும்.

ஆய்வு நாளில் பித்தளை பளபளத்தது என்பது நிலையத்தின் ஒழுங்கைக் காட்டலாம், ஆயத்தத்தைக் காட்டாது. ‘கருவிகள் நல்ல நிலையில் உள்ளன’ என்ற வாக்கியத்தைவிடச் செலவுச் சீட்டுகள் எனக்கு அதிக நம்பிக்கை தருகின்றன. தோல், எண்ணெய், ஹோஸ் ஒட்டு ஆகியவற்றுக்குச் சிறு சிறு தொகைகள் ஆண்டு முழுதும் பரவலாக இருந்தால், யாரோ அந்தப் பம்பைத் தொட்டு ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று பொருள். பெட்ரோல் கணக்கு ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் மட்டும் இருந்தால் அதற்கும் பொருள் உண்டு.

அளவுகளில் வழுக்கிவிழுவது எளிது. அக்காலக் கோப்புகளில் வரும் காலன் பிரிட்டிஷ் காலன், ஏறத்தாழ 4.5 லிட்டர். இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கக் காலனை வைத்து மாற்றினால் கணக்குக் குறைந்துவிடும். 400 காலன் தொட்டி என்றால் சுமார் 1,800 லிட்டர். கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். நிமிடத்துக்கு 100 காலன் வீதம் அடித்தால் 4 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிறகு என்ன செய்தார்கள் என்பதில்தான் ஊரின் கதை இருக்கிறது.

ஓலைக் கூரைகள் நெருங்கி நின்ற தெருவில் அந்த 4 நிமிடத்தைவிடக் கொக்கி மாட்டிய நீண்ட கழிகளும் ஏணியும் சில வேளைகளில் அதிகம் பயன்பட்டன. பக்கத்துக் கூரையைப் பிரித்துப் போட்டால் தீ தாவாது. பட்டியலின் கடைசியில் வருவதால் இவற்றை அற்பமாகக் கருதிவிடாதீர்கள். அதுபோல ஊரின் தொழிலையும் பார்க்க வேண்டும். தோல் பதனிடும் ஊர்களில் ஆவாரம்பட்டைக் குவியல் உள்ளுக்குள் கனலும். மேலே நீர் தெளித்தால் போதாது, கிளறிப் பிரிக்க ஆட்கள் வேண்டும். குடியாத்தத்துத் தீப்பெட்டிப் பட்டறைகளின் ஆபத்து முற்றிலும் வேறு. ஒரே அளவுகோலால் இரண்டு ஊர்களையும் அளப்பது நியாயமல்ல.

மாவட்ட எண்ணிக்கையை ஒப்பிடுவோர் எல்லைகளை மறக்கக் கூடாது. 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகர் சித்தூர். அந்த ஆண்டில்தான் சித்தூர் தனி மாவட்டமானது, திருப்பத்தூர் சேலத்திலிருந்து இங்கே வந்தது. 1989-இல் திருவண்ணாமலைப் பகுதி பிரிந்தது; 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாயின. நிலையங்கள் ‘குறைந்தன’ என்று தோன்றும் இடத்தில் குறைந்தது பரப்பாக இருக்கலாம்.

பக்கத்து ஊர் உதவிக்கு வந்தது என்று படித்தால், இரண்டு ஊர்க் குழாய்களும் ஒன்றோடொன்று பொருந்தினவா என்று பாருங்கள். 1904-இல் அமெரிக்காவின் பால்டிமோர் எரிந்தபோது வெளியூர்களிலிருந்து வந்த படைகளில் பலவற்றின் ஹோஸ் அங்கிருந்த ஹைட்ரண்டுகளில் (தெருவோரத் தீயணைப்பு நீர் இணைப்புகளில்) பொருந்தவில்லை. இணைப்பின் திருகு மரை வேறு என்ற ஒரே காரணத்தால், வந்தவர்கள் கைகட்டி நிற்க நேர்ந்தது.

‘தீயணைப்புப் படையினர் தாமதமாக வந்தனர்’ என்ற பழைய செய்தி வரியை அப்படியே எடுத்தெழுதுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. தீ பற்றிய நேரம், தகவல் புறப்பட்ட நேரம், வண்டி கிளம்பிய நேரம் மூன்றும் தனித்தனி. தொலைபேசி எங்கே இருந்தது, இரவில் எக்ஸ்சேஞ்சில் ஆள் இருந்தாரா, சைக்கிளில் ஓடிவந்து சொன்னார்களா என்று பார்க்க வேண்டும். வேலூரிலிருந்து வாணியம்பாடி ஏறத்தாழ 65 கிலோமீட்டர். அன்றைய லாரி 40 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் போனாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் ரயில்வே கேட் மூடியிருக்கலாம். குடியாத்தத்தைப் பிரித்து ஓடும் கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தால், நிலையம் எந்தக் கரையில் இருந்தது, தீ எந்தக் கரையில் பிடித்தது என்பதைப் பொறுத்துத் தாமதம் மாறும். இவற்றை வரிசைப்படுத்திய பிறகே வீரர்களின் வேகத்தைப் பற்றி ஏதேனும் எழுத முடியும்.