ஞாயிறு பள்ளிக்கு ஒரு பண்ணைக் கதை எழுதுவது எப்படி

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதப்படும் பண்ணைக் கதைகள் பலவற்றின் முடிவை இரண்டாம் பத்தியிலேயே சொல்லிவிடலாம். அண்ணன் சோம்பேறி, தங்கை பக்திசாலி. ஆடு தொலையும். தங்கை முழங்காலில் நிற்பாள். ஆடு தானாகத் திரும்பி வரும். அண்ணன் அழுது மனந்திரும்புவான். இதைக் கேட்கிற நான்காம் வகுப்புப் பையன் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளத் தொடங்கியிருப்பான். வி.பி.எஸ். என்னும் கோடை விடுமுறை வேதாகம வகுப்புக்குக் கதை எழுதும் எங்கள் சேகரத்து (பக்கத்துச் சபைகள் சேர்ந்த வட்டாரத்து) இளம் ஆசிரியர்கள் நோட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். அவர்களிடம் நான் வாய் ஓயாமல் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பண்ணையை முடிவு செய்யுங்கள். பண்ணை என்றவுடன் சிவப்புக் கொட்டகையும் பூசணிக்காயும் பனியும் எழுத வேண்டாம். அவை வெளிநாட்டுப் படப்புத்தகத்திலிருந்து வந்தவை. தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டுப் பிள்ளைக்குப் பண்ணை என்றால் கன்னி இனத்து ஆடுகள் நாலைந்து, ஓர் அடைக்கோழி, கொஞ்சம் முருங்கை, வேலியோரம் பனை. அது போதும். உழவும் உரமும் கடனும் பெரியவர்கள் பாடு. துரட்டியால் குழை ஒடித்துப் போடுவது, பிழுக்கை கூட்டி அள்ளுவது, பொழுது சாயும்போது கோழியைப் பஞ்சாரக் கூடையில் அடைப்பது எல்லாம் பிள்ளைகள் கையில் இருக்கும் வேலை. கதை அங்கேதான் நடக்க வேண்டும்.

அடுத்தது காலண்டர். கதையில் என்ன நடக்கும் என்று யோசிக்கும் முன்பே இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆடு சினைபிடித்துக் குட்டி போட ஐந்து மாதம். கோழி அடைகாக்க 21 நாள். ஆசிரியரின் அவசரத்துக்காகக் குஞ்சு முன்னதாகப் பொரிக்காது. விசுவாசத்தைப் பற்றி எழுத அந்த 21 நாளைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. தம்பி சுவரில் கரிக்கோடு போட்டு நாளை எண்ணுகிறான். ஒரு வாரம் கழித்து அக்காள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தின் முன் முட்டையைப் பிடித்துப் பார்க்கிறாள். சிலவற்றில் சிவப்பு நரம்பு ஓடுகிறது, ஒன்றில் ஒன்றுமே இல்லை. அந்தக் கூமுட்டையை எடுத்துவிடுவதா, இன்னும் நம்பிக் காத்திருப்பதா? பிள்ளைகள் சண்டை போடட்டும். விதை விதைத்தவன் இரவில் தூங்கிப் பகலில் எழுந்திருக்க, அவனுக்குத் தெரியாமலே அது முளைத்து வளர்கிறது என்று மாற்கு நான்காம் அதிகாரத்தில் ஓர் உவமை இருக்கிறது. விதைக்கிறவன் உவமையின் நிழலில் மறைந்துபோய், வகுப்பில் யாரும் தொடாத உவமை அது. இந்தக் கதைக்கு அதுவே வசனம். அதையும் பாட்டி பிரசங்கமாகச் சொல்ல வேண்டாம். குடும்ப ஜெபத்தில் அன்றைக்கு வாசிக்க வேண்டிய பகுதியாக வந்து போகட்டும்.

கிராமத்துப் பாட்டி அடைவைக்கும் கூடையில் ஓர் இரும்பாணியும் கரித்துண்டும் போட்டு வைப்பாள். இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்க. கோயிலில் முன்வரிசையில் உட்காரும் பாட்டிதான். "ஆண்டவர் காப்பார் என்றால் ஆணி எதற்குப் பாட்டி?" என்று பேத்தி கேட்கட்டும். பாட்டி பதில் சொல்லத் திணறட்டும். நீங்களும் பதில் எழுத வேண்டாம். அந்தக் கேள்விக்கு என் வகுப்பில் வருகிற சத்தம் வேறு எதற்கும் வருவதில்லை.

அண்ணன் தங்கை சண்டைக்குக் காரணம் குணமாக இருக்கக் கூடாது, பங்காக இருக்க வேண்டும். யார் தண்ணீர் எடுத்தது, யார் முறை, எந்தக் குட்டி யாருடையது. வேதாகமத்திலும் அப்படித்தான். நிலத்தைப் பயிரிட்ட காயீனும் ஆடு மேய்த்த ஆபேலும் முதல் உடன்பிறப்புகள். கெட்ட குமாரன் உவமையில், இளையவன் திரும்பி வந்தபோது மூத்தவன் வயலில் இருந்தான் என்று லூக்கா மறக்காமல் எழுதுகிறார். உழைத்துக் களைத்து வந்தவனின் கோபம் அது. உங்கள் கதையில் வேலை செய்கிற பிள்ளையே முணுமுணுக்கட்டும். அப்போது சோம்பேறியைத் திருத்தும் பழைய கதையிலிருந்து தப்பிவிடுவீர்கள். ஒருவர் நல்லவர், மற்றவர் கெட்டவர் என்று பிரித்தால் கேட்கிற பிள்ளைகள் எல்லோரும் நல்ல பிள்ளையின் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார்கள். யாருக்கும் ஒன்றும் உறைக்காது.

ஜெபத்தில்தான் கை அதிகம் நடுங்க வேண்டும். கேட்டதும் கிடைத்தது என்று எழுதினால், காய்ச்சலில் தாத்தாவை இழந்த பிள்ளை ஒன்று உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். ஒரு ஆட்டைச் சாக விடுங்கள். மழை விட்டதும் தளதளவென்று முளைத்த இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த ஆட்டுக்குத் துள்ளுமாரி நோய் வந்தால், காலையில் நன்றாக நின்றது மாலையில் இருக்காது. மழைக்காலத்துக்கு முன் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அந்த வாரம் அப்பா வெளியூர் போயிருந்தார் என்று வையுங்கள். அக்காளும் தம்பியும் தொழுவில் உட்கார்ந்து ஜெபிக்கிறார்கள். ஆடு செத்துப்போகிறது. கதை அங்கே முடியக் கூடாது. இரண்டு வாரக் குட்டிகள் இரண்டு பசியில் கத்துகின்றன; கன்னி ஆடு பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும் என்பது இங்கே உங்களுக்கு உதவும். ஆளுக்கு ஒரு குட்டி, ஆளுக்கு ஒரு பால்புட்டி, இராத்திரியிலும் எழுந்திருக்க வேண்டும். தினமும் ஜெபத்தில் அந்த ஆட்டின் பெயரைச் சொல்லிவந்த தம்பி, அன்று அந்த இடம் வந்ததும் நிறுத்திவிடுகிறான். அம்மா அவனை அவசரப்படுத்தவில்லை. இவ்வளவு போதும். "கர்த்தர் எல்லாவற்றையும் நன்மைக்காகவே செய்கிறார்" என்று சபைப் போதகர் ஐயர் வந்து விளக்கும் காட்சியைத் தயவுசெய்து எழுதாதீர்கள்.

பக்கத்துத் தோட்டக்காரர் வேறு மதத்தவராக இருந்தால் அவரை வில்லனாக்க வேண்டாம், கடைசிப் பக்கத்தில் ஞானஸ்நானமும் கொடுக்க வேண்டாம். ஊரில் நடப்பதை எழுதுங்கள்: அவர்தான் கால்நடை மருத்துவருக்குப் போன் செய்கிறவர். அவரோடு தகராறு இருந்தால் இன்னும் நல்லது. பகைஞனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் உதவி செய் என்று யாத்திராகமம் 23 சொல்கிறது. கழுதையை அவருடைய பால்மாடாக மாற்றிக்கொள்ளுங்கள்.

உச்சக்கட்டத்துக்கு, விளைச்சலைக் கோயிலில் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம். வாழைத்தார், தேங்காய், கருப்பட்டி, கால் கட்டிய சேவல். சந்தையில் போகாத விலைக்கு ஒரு தேங்காய் போகும். எடுத்தவர் அதையே திரும்பக் காணிக்கையாக வைப்பதும் உண்டு. பிள்ளைகள் வளர்த்த சேவலைக் கொடுக்கலாமா என்று வீட்டில் பேச்சு வரட்டும். கொடுத்த பிறகு, எடுத்தவர் அதைக் குழம்பு வைக்கப் போகிறார் என்பது தம்பிக்குத் தெரியட்டும். அதை மறைத்து எழுதுகிறவர்கள் சேவல் வளர்த்திருக்க மாட்டார்கள்.

நீளம் அதிகம் வேண்டாம். எட்டிலிருந்து பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு ஏழெட்டு நிமிட வாசிப்புதான் தாங்கும். எழுதியதும் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எங்கே உங்கள் குரல் தானாகப் பிரசங்கக் குரலாக மாறுகிறதோ அந்த வரியை அடித்துவிடுங்கள். பெரும்பாலும் அது கடைசிப் பத்தியாக இருக்கும். முடித்ததும் "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்காதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். "அந்த இரண்டாவது குட்டி பிழைத்ததா, டீச்சர்?" என்று யாராவது கேட்டால் கதை சரியாக வந்திருக்கிறது, அப்படியே படியெடுக்கக் கொடுத்துவிடலாம்.