யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் இன்ஜினை வீட்டில் பிரிக்கிறீர்களா? உலோகம் குடையும் கிரைண்டரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் கை வைக்கும் எல்லோருக்கும் முதல் ஆசை போர்ட்டை, அதாவது சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் துளையை, குடைவதுதான். எனக்கும் அப்படித்தான். முதல் பிளாக்கில் (சிலிண்டர்) எக்ஸாஸ்ட் போர்ட்டை, அதாவது புகை வெளியேறும் துளையை, ஆசை தீரக் குடைந்தேன், விளிம்பை மழுக்க மறந்துவிட்டேன், இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் பிஸ்டன் ரிங் போர்ட்டில் மாட்டி உடைந்து, பிஸ்டன், பிளாக் இரண்டும் காலி. அதனால் இங்கே வரிசை தலைகீழ், குடைவது பிறகுதான்.

முதலில் காற்றுக்கசிவு. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் கிராங்க் கேஸ் (பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறை) வழியாகத்தான் போகின்றன, அங்கே எங்காவது ஓட்டை இருந்தால் கலவை மெலிந்து பிஸ்டன் சூடேறி சிலிண்டரில் இறுகிவிடும், அதாவது சீஸ் ஆகும். இதைப் பார்க்க ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய பிபி மெஷினின் காற்றடிக்கும் பல்பும் மீட்டரும் போதும். சைலன்ஸரைக் கழற்றி அந்த வாயை ரப்பர் ஷீட்டும் தகடும் வைத்து அடையுங்கள், பிஸ்டனைக் கீழே இறக்கி நிறுத்துங்கள், கார்பரேட்டர் இருந்த இடத்தில் ஹவாய் செருப்பு ரப்பரை வெட்டி அடைத்து அதன் வழியாக பிபி டியூபைச் செருகி மீட்டரில் 250 வரை அடியுங்கள் (ஆயில் பம்ப் லைனையும் மூட வேண்டும்). ஒரு நிமிடத்தில் 50-க்கு மேல் இறங்கினால் சோப்புத் தண்ணீர் பூசித் தேடுங்கள். மேக்னெட் (கிராங்க் முனையில் சுழலும் காந்தச் சக்கரம்) பக்க ஆயில் சீல் மேல்தான் எனக்கு எப்போதும் முதல் சந்தேகம்.

அடுத்தது ஸ்குவிஷ், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும் ஹெட் (சிலிண்டரின் மேல் மூடி) விளிம்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. காசு குறைவு, பலன் அதிகம் என்றால் இதுதான். 2 மிமீ சால்டர் கம்பியை பிஸ்டன் பின் (பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் குறுக்குத் தண்டு) இருக்கும் கோட்டிலேயே இரு பக்கமும் கிரீஸ் போட்டு ஒட்டுங்கள், வேறு இடத்தில் வைத்தால் பிஸ்டன் ஆடி அளவு பொய் சொல்லும். ஹெட்டை முறுக்கி, கையால் ஒரு சுற்று சுற்றி, கழற்றி, நசுங்கிய நுனியை வெர்னியரில் அளக்கலாம். 50 மிமீ போர் (சிலிண்டரின் உள்விட்டம்) உள்ள இந்த இன்ஜினுக்கு நான் 0.9 முதல் 1 மிமீ வரை வைப்பேன். அதிகமாக இருந்தால் லேத் பட்டறையில் ஹெட் முகத்தைச் சீவச் சொல்லுங்கள். 0.8-க்குக் கீழே போகாதீர்கள், வேகம் ஏறும்போது பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும்.

சரி, இப்போது போர்ட். பெரிய டிகிரி வட்டத்தை அச்செடுத்து மேக்னெட்டில் ஒட்டி, எக்ஸாஸ்ட் எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மிமீதான், ஆகவே போர்ட்டின் மேல் விளிம்பை 1 மிமீ உயர்த்தினாலே மொத்தத் திறப்பு ஏறத்தாழ 4, 5 டிகிரி கூடிவிடும், கீழ் வேகத்து இழுவை குறையும். ஊருக்குள் ஓட்டும் வண்டிக்கு அது நஷ்டம் என்பது என் கருத்து. அகலமும் போரில் 65, 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, இங்கே 35 மிமீ. அதுவும் மேல் விளிம்பு நேர்க்கோடாக இல்லாமல் வளைவாக இருந்தால்தான். முடித்ததும் ஊசி அரத்தால் எல்லா விளிம்பையும் விரல் வழுக்கும்வரை மழுக்குங்கள், பிளாக்கை சோப்புத் தண்ணீரில் கழுவி உடனே ஆயில் தடவுங்கள், குடைந்த உலோகத் தூள் ஒரு துளி உள்ளே இருந்தாலும் வேலை கெட்டது.

அப்புறம் ஜெட், கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைத் திருகு. பழைய மெயின் ஜெட்டைவிட இரண்டு மூன்று அளவு பெரிதாகப் போட்டுத் தொடங்கி, ஒவ்வொன்றாக இறங்குங்கள். ஒவ்வொரு முறையும் புது ஸ்பார்க் பிளக் மாட்டி, முழு திராட்டிலில் ஓட்டி, கிளட்ச் பிடித்து அப்படியே இன்ஜினை அணைத்து பிளக்கைப் பாருங்கள். காபி நிறம் வந்தால் நிறுத்தலாம், வெள்ளையாக இருந்தால் உடனே ஒரு அளவு ஏற்றுங்கள். இந்த ஓட்டமெல்லாம் டிராக்கில் அல்லது சொந்த நிலத்தில்தான், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி வண்டியை மாற்றி ரோட்டில் ஓட்டினால் மாட்டிக்கொள்வீர்கள்.