சிங்கிளா, டபுளா? நெடுந்தூர லாரிக்குப் புதிதாக ஏறுகிறவர்களுக்கு

பாலக்காட்டில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்த பையன்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி: "அண்ணா, சிங்கிள்ல போனா காசு நிக்குமா, டபுள்ல போனா நிக்குமா?" காசுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன. ஒவ்வொரு படியாகப் போகலாம்.

வண்டியை ஒருவரே கொண்டுபோய் ஒருவரே திருப்பிக் கொண்டுவந்தால் சிங்கிள். லைசென்ஸ் உள்ள இரண்டு டிரைவர் மாறி மாறி ஓட்டினால் டபுள். டிரைவரும் கிளீனரும் போவது டபுள் கணக்கில் சேராது. முன்பெல்லாம் நேஷனல் பெர்மிட் (எல்லா மாநிலத்துக்கும் போகும் அனுமதி) வண்டிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்று விதியே இருந்தது. 2018-இல் அதை எடுத்துவிட்டார்கள். அதனால் இப்போது ஓனரும் நீங்களும் பேசி முடிவு செய்வதுதான்.

முதல் படி: லோடு என்ன என்று கேளுங்கள்

வண்டியில் ஏறுவது அழுகும் பொருளா, அழுகாத பொருளா? மீனாட்சிபுரம், பொள்ளாச்சிப் பக்கத்து இளநீர், வாழக்குளத்து அன்னாசி, தக்காளி, இதெல்லாம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய லோடு. டெல்லி மண்டிக்கு ஒரு நாள் தள்ளிப் போனால் விலை வேறு, சரக்கின் நிறமும் வேறு. இதற்கு டபுள்தான். கஞ்சிக்கோட்டில் ஏற்றும் கம்பி, கோயம்புத்தூர் நூல், மோட்டார் பம்ப் இவையெல்லாம் ஒரு ராத்திரி பெட்ரோல் பங்கில் நின்றால் கெட்டுப் போகாது. சிங்கிள் போதும்.

அழுகும் லோடைச் சிங்கிளாகக் கொண்டுபோகச் சொல்லும் ஓனரிடம் முதல் வருடம் சேராதீர்கள். அவ்வளவுதான் இதில் சொல்ல இருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும். "ஈ-வே பில் முடிஞ்சிரும், நிறுத்தாம ஓட்டு" என்று மிரட்டுவார்கள். சரக்கோடு போகும் ஜிஎஸ்டி சீட்டு அது, இத்தனை நாள்தான் செல்லும் என்று கெடு உண்டு. 2021 ஜனவரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. பாலக்காட்டிலிருந்து டெல்லி சுமார் 2,500 கிலோமீட்டர் என்று வைத்தால் 13 நாள் இருக்கிறது. அவசரம் சரக்குக்காரருக்குத்தான், பில்லுக்கு இல்லை.

இரண்டாம் படி: ஓடுகிற வண்டியில் தூங்க வருமா?

இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஆனால் யாரும் கேட்பதில்லை.

டபுள் என்றால் உங்கள் தூக்கம் முழுக்க ஓடும் வண்டிக்குள். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகை மெத்தையில் புரண்டு படுத்தால் முழங்கை கேபினில் இடிக்கும். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் இடுப்பில் தெரியும். அதைக்கூடப் பழகிவிடலாம். பழகாதது கால். அடுத்தவர் பிரேக் மிதிக்க வேண்டிய இடத்தில் உங்கள் வலது கால் தானாகப் போர்வையை மிதிக்கும். கண் மூடியிருக்கும், காது கியரைக் கேட்டுக்கொண்டிருக்கும். எனக்கு இது போக எட்டு மாதம் ஆனது. இருபது வருடம் ஓட்டியும் போகாதவர்கள் இருக்கிறார்கள்; நல்ல டிரைவர்கள், ஆனால் டபுளுக்கு ஆகமாட்டார்கள்.

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. வாளையாரிலிருந்து பெங்களூர் போகும் தெரிந்த வண்டியில் ஒரு ராத்திரி சும்மா ஏறிப் போங்கள். ஸ்டேரிங் தொட வேண்டாம். போகும்போது பின்னால் படுங்கள். சேலம் தாண்டியது தெரியாமல் நாலு மணி நேரம் தூங்கினால் டபுளுக்கு நீங்கள் ஆள். ஒவ்வொரு டோலிலும் எழுந்து உட்கார்ந்தால் சிங்கிளையே யோசியுங்கள்.

பகல் தூக்கத்துக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாரான லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். ஓடும் வண்டியில் ஏசி ஓடும், டபுள்காரர் நாக்பூர் வெயிலிலும் தூங்கிவிடலாம். சிங்கிள்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுப் படுத்தால் அந்த ஏசியும் சேர்ந்து படுத்துவிடும். பழைய வண்டி என்றால் இரண்டு பேருக்கும் ஈரத்துண்டுதான்.

மூன்றாம் படி: நாள் கணக்குப் போடுங்கள்

லோடு வண்டி, டோல், டீ எல்லாம் சேர்த்து மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் வந்தாலே நல்ல ஓட்டம். சிங்கிள் ஒரு நாளைக்கு 9 மணி நேரம் ஓட்டினால் 360 கிலோமீட்டர். டெல்லிக்கு 7 நாள். டபுள் 16 மணி நேரம் ஓடினால் 640, 4 நாள். நாளுக்கு 8 மணி நேரம், 5 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணியாவது ஓய்வு என்று 1961-ஆம் வருடத்துச் சட்டத்திலேயே எழுதினார்கள். நெடுந்தூரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் சலுகையும் அதில் இருந்தது. 14, 15 மணி நேரம் தனியாக ஓட்டி "நானும் நாலே நாள்ல போயிட்டேன்" என்பவரின் கணக்கை எடுக்காதீர்கள்.

பேட்டா, அதாவது டிரிப்புக்கு டிரைவருக்குத் தரும் காசு, பேசுவதில் புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். டிரிப்புக்கு எவ்வளவு என்று கேட்பார்கள், எத்தனை நாள் என்று கேட்கமாட்டார்கள். கணக்குக்காக மட்டும், சிங்கிளுக்கு 12,000 ரூபாய், டபுளில் ஆளுக்கு 7,500 என்று வையுங்கள். போக 7, வர 7, இறக்கி ஏற்ற 2: சிங்கிளுக்கு 16 நாள், நாளுக்கு 750. டபுளுக்கு 4, 4, 2: பத்து நாள், அதே 750. சமமாகத்தானே இருக்கிறது? இப்போது ரிட்டன் லோடு கிடைக்காமல் டெல்லியில் 2 நாளுக்குப் பதில் 6 நாள் கிடங்கள். சிங்கிளுக்கு 20 நாள், நாளுக்கு 600. டபுளுக்கு 14 நாள், 536 தான் தேறும். காத்திருப்பு இரண்டு வண்டிக்கும் ஒன்றே, ஆனால் கடிப்பது டபுளை. அதனால் டபுளுக்குப் பேசும்போது "ஹால்ட் ஆனா நாளுக்கு எவ்வளவு?" என்பதை முதலில் கேளுங்கள். பதில் சொல்லாமல் சிரித்தால் ஹால்டிங் காசு கிடையாது என்று அர்த்தம்.

நான்காம் படி: ஆளைப் பாருங்கள்

டபுள் என்று முடிவானால் உங்கள் உயிர் பாதி நேரம் இன்னொருவர் கையில். அவர் எப்படி ஓட்டுகிறார் என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

ஒருமுறை ஆதிலாபாத் தாண்டி, விடியற்காலை மூன்றரை இருக்கும். கூட வந்த டிரைவர் ஓட்ட, நான் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தேன். எழுப்பியது சத்தம். இன்ஜின் சத்தம் ஏறி, தானாக இறங்கி, மறுபடி ஏறியது. ஏற்றமும் இல்லை, முன்னால் வண்டியும் இல்லை. கால் தளர்ந்து தளர்ந்து ஆக்சிலேட்டரில் விழுகிறது என்று புரிவதற்குள் இடது சக்கரம் தார் விளிம்பைத் தாண்டி மண்ணில் இறங்கிவிட்டது. நான் போட்ட கத்தலில் அவர் விழித்து வண்டியைப் பிடித்தார். நல்ல மனிதர், கை சுத்தமான டிரைவர். ஆனால் அன்று பகல் முழுக்க, நான் ஓட்டிய நேரமெல்லாம், அவர் படுத்தபடி போன் பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் தப்பும் அதில் உண்டு.

எனவே முதல் டிரிப்புக்கு முன்பே வாய்விட்டுப் பேசிவிடுங்கள். படுக்கும்போது போன் கிடையாது. குடி கிடையாது. தூக்கம் வந்தால் கூச்சப்படாமல் எழுப்ப வேண்டும், எழுப்பினால் எரிந்து விழக்கூடாது. ராத்திரி இரண்டிலிருந்து ஐந்து வரை யார், மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு யார் என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டும் கண் சொக்கும் நேரம், ஒருவர் தலையிலேயே கட்டக்கூடாது. அபராதம் வந்தால் யார் ஓட்டும்போது வந்ததோ அவர் கணக்கு.

ஐந்தாம் படி: கைமாற்றும் முறை

சீட்டை விட்டு இறங்கியதும் நேராகப் படுக்கப் போகாதீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். டயரைத் தட்டிப் பாருங்கள், கயிறு தளர்ந்திருக்கிறதா பாருங்கள். பிரேக்குக்கு ஏர் எவ்வளவு நிற்கிறது, பிரேக் எந்தப் பக்கம் இழுக்கிறது, டீசல் எங்கே போட்டது, இதையெல்லாம் வாயால் சொல்லிக் கொடுங்கள். ஏறியவர் முதல் பத்து நிமிடம் மெதுவாக ஓட்ட வேண்டும். பெங்களூரிலிருந்து திரும்பும்போது தொப்பூர் இறக்கம் வரும். அதற்குச் சற்று முன் ஆள் மாறவே கூடாது. தூங்கி எழுந்த கண்ணோடு அந்த இறக்கத்தில் கியர் தேடுவது வேண்டாத வேலை. தர்மபுரிக்கு முன்பே மாறி, டீ குடித்து, கை பழகிய பிறகு இறங்குங்கள்.

சிங்கிள் என்றே முடிவானால்

வாளையாரில் செக்போஸ்ட் வரிசை நின்ற காலத்தில் சிங்கிள்காரர்களுக்கு அந்த வரிசையே படுக்கை. அடி அடியாக நகர்ந்து, அரைத் தூக்கம் தூங்குவோம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வரிசை போயிற்று. நின்று தூங்கும் இடத்தை இப்போது நீங்கள்தான் குறிக்க வேண்டும். கிளம்பும் முன்பே ஏழு ராத்திரிக்கும் ஏழு இடம் எழுதி வையுங்கள். பத்து லாரியாவது நிற்கும் பங்க், வெளிச்சம், கழிப்பறை, அவ்வளவு போதும். டீசல் டேங்க் இருக்கும் பக்கம் வெளிச்சத்தைப் பார்த்தபடி நிறுத்துங்கள். தார்ப்பாய் கட்டுவதைத் தனியாக முயலாமல் லோடு ஏற்றும் ஆட்களையே வைத்துக் கட்டி முடித்துவிட்டுக் கிளம்புங்கள். வழியில் மழையோடு தனியாக மேலே ஏறித் தார்ப்பாய் இழுத்தவர்களுக்குத் தெரியும் அது என்ன வேலை என்று.